காணோம் என்பதற்கு ஒரு சொல்

“...இடிஞ்சிட்டுன்னு சொல்லுதீங்க, சரி. ஒரு சுவர் நிக்குன்னும் சொல்லுதீங்க. முழுசா இடிஞ்ச வீட்டுக்கு ஒரு சொல்லு இருக்கு, பாதி இடிஞ்சதுக்கு வேற சொல்லு இருக்கு அண்ணாச்சி. நான் எதைப் போட?”

“ஒத்தச் சுவத்துல சாஞ்சிக்கிட்டுக் குடித்தனம் பண்ணச் சொல்லுதியா? ஏதாவது ஒண்ணப் போடும்மா. எல்லாம் ஒண்ணுதான.”

“ஒண்ணுன்னா வெள்ளக்காரன் எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்?” என்று கேட்டுவிட்டு, அக்கா டைப்ரைட்டரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வரிசையில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கை மடிக்குப் போய்விட்டால் அது திரும்பி மேலே வர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. “எம்மா, நாங்க போயி ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துரட்டா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்து வடிந்த வாரம் அது. ஆற்றின் பேரைச் சொன்னால் ஊரே முறைக்கும். அவரைப் பத்துப் பேர் திரும்பிப் பார்த்ததும் சும்மா இருந்துவிட்டார்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்த்தாற்போல ஒரு சின்னக் கடை. அதில் வலது பாதி என் செராக்ஸ் மிஷின், இடது பாதி அக்காவின் டைப்ரைட்டர். தொண்ணூறுகளில் ஏழெட்டு வருஷம் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. நகல் எடுக்கிற தாளையே பார்த்துப் பார்த்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டவன். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா.

அந்த அண்ணாச்சியின் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அக்கா அவரிடம் நிற்கிற சுவர் எது என்று கேட்டாள். அடுப்படிச் சுவர். கூரை இருக்கா? இல்லை. படுக்க இடம் உண்டா? இல்லை. கை மேலே வந்தது. ‘அன்ஃபிட்’ என்ற சொல்லைப் போட்டு, ஒரு சுவர் தவிர எல்லாம் போய்விட்டது, மனுஷன் குடியிருக்க லாயக்கில்லை என்று அடித்தாள். “நிக்குத சுவரை மறைக்கவும் இல்ல, போனதைக் குறைக்கவும் இல்ல. நாளைக்கு ஆபீசர் வந்து பாத்தாலும் உங்க வாய் கோணாது” என்று தாளை உருவிக் கொடுத்தாள். அண்ணாச்சி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சொல்லு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு அடிப்பவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். எல்லாரிடமும் ஒரு மாதிரித் தாள் இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றிப்போட்டு, ‘பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அந்த ‘பெக்’கைத் தொடவே மாட்டாள். “பிச்சையா எடுக்காங்க? கேக்காங்க. கேக்கதுக்குத் தனிச் சொல்லு இருக்குல்லா” என்பாள். சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அதற்காகச் சண்டையே போட்டார். ‘பெக்’ இல்லாத மனுவைக் கலெக்டர் கையால் தொடமாட்டார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்கு அந்த பெக்கு வேணும். எங்க அப்பன் காலத்துல இருந்து பெக்கு போட்டுத்தான் மனு.”

“போட்டு என்ன கெடச்சிது?”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணும் கெடைக்கல” என்றார். அப்புறம், “சரி, உன் இஷ்டத்துக்குப் போடு” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கிறேன். காலேஜில் படித்ததில்லை. வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கியதில்லை. மனுவுக்குப் பதில் வந்தால் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று எல்லாரிடமும் ஒரு வாக்கு வாங்கிக்கொள்வாள். அது ஒன்றுதான் அவளுடைய பள்ளிக்கூடம். பத்துக்கு இரண்டு பேர் காட்டுவார்கள். பதிலோடு சில சமயம் நம்முடைய மனுவும் திரும்பி வரும். அதில் எந்தச் சொல்லுக்கு அடியில் அதிகாரி கோடு போட்டிருக்கிறார் என்று விரலை ஓட்டிப் பார்ப்பாள். கார்பன் மை ஏறி அவள் விரல் நுனியெல்லாம் ஊதாவாக இருக்கும்.

“வாசிக்கவன் அலுத்துப்போய் இருப்பான் தம்பி” என்பாள். “காலையில இருந்து கட்டுக்கட்டா வாசிக்கான். முழு மனுவும் அவன் மண்டையில ஏறாது. ஒத்தச் சொல்லுதான் ஏறும். அவனுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அந்த ஒத்தச் சொல்லாவது சரியா இருக்காண்டாமா?”

அலுப்பு அவள் முகத்திலேயே இருந்தது. காலையில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே சாயங்காலம் திரும்பிப் போகிறவள் மாதிரித்தான் வருவாள். அடிக்கிற வேலை அவளுக்கு ஒன்றுமில்லை, விரல் பாட்டுக்கு ஓடும். வந்தவர்களின் கதையை முழுக்கக் கேட்பதில்தான் களைத்துப்போவாள். சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கதை வேண்டும். கதை கேட்டால் மனசில் ஏறும். மற்ற டைப்பிஸ்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு நாள் கடைக்கு வந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வீட்டுல பேச்சே கெடையாது பாத்துக்கிடும். கொழம்புல உப்பு கூடவா கொறையவான்னு கேட்டா, ‘இருக்கு’ங்கா. அவ்வளவுதான். சொல்லைப் பூரா உம்ம கடையில கொட்டிட்டு வந்துருதா போல.” அக்காவின் காதில் அது விழுந்தது. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “உண்மைதான் தம்பி. சாயங்காலம் ஆனா ஒரு சொல்லும் கையில இருக்க மாட்டேங்கு” என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சில நாள் கஷ்டமாகவும் இருக்கும். முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. உதவித்தொகை கேட்டுத் தாசில்தாருக்கு மனு. புருஷன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். அக்கா வழக்கம்போலக் கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல்லைச் சொன்னாள்: “‘செப்பரேட்’னு போட்டுருங்கக்கா.”

“அது ரெண்டு பேரும் பேசிப் பிரிஞ்சதுக்கும் போடுவாங்க. நீ பேசிப் பிரிஞ்சியா?”

“இல்ல.”

“அவன் சொல்லிட்டுப் போனானா?”

“இல்லக்கா. கடைக்குப் போயிட்டு வாரேன்னு போனாங்க.”

“அப்ப விட்டுட்டுப் போனது அவன். அதுக்கு ‘டெசர்ட்டட்’னு ஒரு சொல்லு இருக்கு. பாலைவனத்துல விட்டுட்டுப் போன கணக்கா. தாசில்தாரு அதைத்தான் தேடுவாரு.”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். மூன்று வருஷமாக ஊரிலே ஒருத்தரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. ‘நாங்க பிரிஞ்சிட்டோம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. மெல்லிசாக ஒரு சொல் இருக்கும்போது எதற்குக் கடினமானதை எடுத்து அந்தப் பிள்ளை மேல் போடவேண்டும்? அக்கா அடித்து முடித்து, அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் போன பிறகு, “எனக்கு மட்டும் அந்தச் சொல்லைப் போட ஆசையா லே?” என்றாள். என்னை ‘லே’ போட்டு அவள் பேசியது அபூர்வம்.

இப்படிப்பட்டவளை நான் ஒரு தரம் அவசரப்படுத்தினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

திங்கட்கிழமை மனு நாள். கலெக்டர் நேரில் உட்கார்ந்து மனு வாங்குவார் என்பதால் கடை வாசலில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்புத் துப்பட்டி, கையில் பிளாஸ்டிக் கவர். அவள் புருஷன் சவுதியில் ஒரு கம்பெனியில் இருந்தார். ஐந்து மாதமாகக் கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. அங்கே உள்ள நம் தூதரகத்துக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதவேண்டும்.

“ஆளைக் காணோம்க்கா” என்றாள். “எங்க இருக்காஹன்னு மட்டும் கேட்டு எழுதுங்க. பிள்ளைகளோட வாப்பாவக் காணோம்.”

அவளுடைய கொழுந்தன் ஏற்கெனவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்திருந்தான். அங்கே யாரோ ஒரு துண்டுத் தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ‘அப்ஸ்காண்டிங்’ என்று இருந்தது. நம் பக்கத்தில் எந்தப் போலீஸ் தாளை எடுத்தாலும் அந்தச் சொல் கிடக்கும். கேஸில் மாட்டியவன் ஓடினாலும் அதுதான், கோபித்துக்கொண்டு போன பையனைத் தேடினாலும் அதுதான். நானே நூறு தாளில் நகல் எடுத்திருக்கிறேன்.

அக்கா துண்டுத் தாளைப் பார்த்தாள். கை மடிக்குப் போய்விட்டது.

“இது குத்தம் செஞ்சவன் ஒளிஞ்சிக்கிடுததுக்குப் போடுத சொல்லுலா? இவ காணோம்னுதான சொல்லுதா. ‘மிஸ்ஸிங்’னு போட்டாப் போதும்லா?”

வாசலில் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பத்தரைக்கு மேல் டோக்கன் கிடையாது. என் மிஷின் வேறு சூடேறித் தாளைத் தின்றுகொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: “போலீஸே போட்டிருக்கான்லாக்கா. அதைவிடவா? ரெண்டும் ஒண்ணுதான். போட்டு விடுங்க, ஆளு நிக்காங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை அதில். தலைச்சுமையை யாராவது இறக்கிவைக்க வந்தால் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்கத் தோன்றுமே, அந்த மாதிரி இருந்தது. கையை மேலே எடுத்தாள். துண்டுத் தாளில் இருந்த சொல்லையே அடித்தாள். அவள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மாதம் கழித்து அதே பெண், அதே பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். அதுவும் ஒரு திங்கட்கிழமை. அக்கா வாங்கிய வாக்கின்படி பதிலைக் காட்ட வந்திருக்கிறாள். முகம் மலர்ந்திருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஊர்க்காரர் ஒருவர் மூலம் தெரிந்துவிட்டது. கம்பெனிக்காரன் அவரைத் தொலைவில் ஏதோ ஒரு பண்ணைக்கு அனுப்பியிருக்கிறான். அங்கே தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். “இனி வந்துருவாஹல்லாக்கா? கம்பெனியில இருந்து லெட்டரே வந்துட்டு” என்றாள்.

அக்கா அதை வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டினேன். அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்கக் கம்பெனிக்கு மனசில்லை என்பது வாசிக்கும்போதே விளங்கிவிட்டது. அதனால் ஆள் ஓடிப்போய்விட்டான் என்று அந்த ஊர்ப் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடிப்போனவன் என்று பதிந்துவிட்டால் அங்கே அது பெரிய குற்றம். ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொண்டுபோய் அடைப்பார்கள். தூதரகத்திலிருந்து கேட்டதற்குக் கம்பெனிக்காரன் ஒரு தாளை நீட்டியிருக்கிறான். இந்தப் பெண் எழுதிய கடிதம். அவன் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தான். அதன் நகல் பின்னால் குத்தியிருந்தது. நான் எடுத்துக் கொடுத்த நகலின் நகல். ஒரு சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

இங்கிலீஷ் தெரியாத பெண். வேறு ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அக்கா அப்படி அனுப்பவில்லை. அவளைத் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கடைசியில், “இவன் புடிச்சிக்கிட்டது நான் போட்ட சொல்லு தங்கச்சி. நீ சொன்ன சொல்லு இல்ல” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு சத்தம் போடாமல்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

“நான் காணோம்னுதானக்கா சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். ஓடிட்டாஹன்னு என் வாயால வரலியே. எங்க மாமியா கேட்டா நான் என்ன சொல்ல?”

அக்கா டைப்ரைட்டரில் தாளை ஏற்றினாள். அதே இரண்டு முகவரிகளையும் அடித்தாள். கடிதத்தின் முதல் வரியில் கை நின்றது. மடிக்குப் போயிற்று.

வாசலில் அன்றைக்கும் கூட்டம்தான். நான் அவர்களைப் பைய ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, “டைப்பிங் மிஸ்டேக்குன்னு போட்டுருங்கக்கா. எல்லாரும் அப்படித்தான போடுதாங்க” என்றேன்.

“அது விரல் செய்யுத தப்பு. ஒரு எழுத்து மாறி விழுந்தா அப்படிச் சொல்லலாம். இந்தச் சொல்லுல ஒரு எழுத்துக்கூட மாறலியே.”

“அப்ப ‘எரர்’?”

“கூட்டல் தப்பாப் போனா அது.”

“‘ஓவர்சைட்’னு ஒண்ணு ஆபீஸ் லெட்டர்ல வருமே?”

“கண்ணுல படாமப் போனா அது. எனக்குப் பட்டுதுலா. பாத்துட்டுத்தான போட்டேன்.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “‘ஃபால்ட்’தான். யாரோ ஒரு ஆளு மேல ஏறி உக்காருத சொல்லு அது ஒண்ணுதான். இவ எழுதுனதை இவளே மாத்தி எழுதுனா, யாரோ சொல்லிக்கொடுத்து மாத்துதான்னு அவன் சொல்லுவான். அந்தச் சொல்லைப் போட்ட ஆளு வந்து நின்னாத்தான் நம்புவான்.”

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் மனு அடிக்கிறவர்கள் யாரும் எந்தத் தாளிலும் தங்கள் பெயரைப் போட மாட்டார்கள். போட்டால் நாளைக்கு விசாரணை என்று ஆள் வருவான், சாட்சி சொல்லக் கூப்பிடுவான், இவர்களெல்லாம் யார் கேட்டு இங்கன உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேசையையே தூக்கச் சொல்வான். “வேண்டாம்க்கா, வம்பு” என்றேன். அவள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. கை மேலே வந்துவிட்டது.

இந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது. இவள் சொன்னது காணோம் என்பதுதான். அதற்கு உரிய சொல் ‘மிஸ்ஸிங்’. அதைத் தெரிந்துகொண்டே நான் வேறு சொல்லைப் போட்டேன். குற்றம் என்னுடையது. அதைக்கொண்டு ஒரு மனுஷனை அடைத்து வைக்கவேண்டாம். இவ்வளவுதான் கடிதம். அரைப் பக்கம்கூட வரவில்லை.

அந்தப் பெண்ணின் புருஷன் வந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்துக் கம்பு ஊன்றிக்கொண்டு, ஒரு கிழவர் மாதிரி கடைக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கடிதம்தான் அவரை அனுப்பிவைத்ததா, அங்கே உள்ள ஊர்க்காரர்கள் அலைந்ததாலா, எனக்குத் தெரியாது. அக்காவும் கேட்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவள் கை மடியில் கிடக்கிற நேரம் இன்னும் கூடிப்போயிற்று. பாதிப் பேர் வேறு டைப்பிஸ்டிடம் போய்விட்டார்கள். நான் மட்டும் அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்கு அந்தக் கடிதத்தை அடித்து முடித்து அவள் தாளை உருவியபோது நான் சொன்னேன்: “நான் அவசரப்படுத்துனேன்னும் ஒரு வரி போடுங்கக்கா. பாதி என் தப்புலா.”

“சொல்லுதவன் ஆயிரம் சொல்லுவான் தம்பி. அடிச்சது யாரு?”

அந்தப் பெண் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் அக்கா தன் பெயரை முழுசாக எழுதினாள். புருஷன் பெயர், கதவு எண், தெரு, ஊர் எல்லாம் எழுதினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் பெயரை எழுத்தில் நான் பார்த்தது அப்போதுதான். பேனாவை மூடினாள். டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டாள். “எம்மா, எங்க மனு?” என்று வரிசை கத்தியது. அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் போஸ்ட் ஆபீசைப் பார்த்து நடந்தாள்.